குதிரேமுக் மலைநடை: புலிக்குப் பயப்படும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வயது 43, உட்கார்ந்தே செய்யும் வேலை, தினமும் காலையில் சமதரையில் 5 கி.மீ. நடக்கிறீர்கள், படி இறங்கும்போது வலது முட்டி லேசாக வலிக்கிறது. அரையாண்டு விடுமுறையில் மனைவியையும் 15 வயது மகனையும் கூட்டிக்கொண்டு கர்நாடகத்தில் குதிரேமுக் உச்சிக்கு ஏற ஆசை. புலி, கரடி, காட்டுமாடு எல்லாம் இருக்கும் தேசியப் பூங்கா ஆயிற்றே, குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலங்குகளைப் பற்றி ஆறேழு வரி எழுதிவிட்டு முட்டியைப் பற்றி அரை வரியில் கடந்துவிட்டீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் புரிந்தது, நீங்கள் கேட்பது புலியைப் பற்றி மட்டும் இல்லை. ஊரிலிருந்து பல கி.மீ. தள்ளி, போன் எடுக்காத ஒரு முகட்டில் ஏதாவது ஆகிவிட்டால் வீட்டாரை எப்படிப் பத்திரமாகக் கீழே கொண்டுவருவது என்பதுதான் உங்கள் கவலை. அது நியாயமான கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பல ஆண்டுகளாகச் சிறு குழுக்களை நடக்க அழைத்துப் போகிறவன். முதலுதவிப் பயிற்சியை முறையாகப் பெற்றவன். மருத்துவரோ விலங்கியல் ஆய்வாளரோ இல்லை. உங்கள் முட்டிவலி தேய்மானமா, வெறும் தசைப் பலவீனமா என்பதை எழுத்தைப் படித்து யாரும் சொல்ல முடியாது. போகும் முன் ஒரு எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ ஒரு தடவை காட்டிவிடுங்கள். முட்டி வீங்குகிறது, நடுவில் பூட்டிக்கொள்கிறது, சட்டென்று மடங்கிவிடுகிறது என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் இந்த வருடம் இந்த மலை வேண்டாம். அந்த மூன்றும் இல்லை, வலி மட்டும்தான் என்றால் போகலாம். ஆனால் அதற்கு எட்டு வாரமாவது தயாராக வேண்டும்.

முதலில் மலை. குதிரேமுக் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,894 மீட்டர். வழக்கமான பாதை சிக்கமகளூர் மாவட்டத்தில் களசா, சம்சே என்ற ஊர்களுக்குப் பக்கத்திலுள்ள முல்லோடி கிராமத்தில் தொடங்குகிறது. பிரதான சாலையிலிருந்து முல்லோடி வரை கல்லும் குழியுமான வழி. உள்ளூர் ஜீப்பில்தான் பெரும்பாலோர் போகிறார்கள். அங்கிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப 20 முதல் 22 கி.மீ., ஏற்றம் ஏறத்தாழ 900 மீட்டர். தொடக்கத்தில் வயலும் வீடும், குறுக்கே ஓடைகள், இடையிடையே மரநிழல். ஒண்டிமரம் என்று எல்லோரும் சொல்லும் ஒற்றை மரத்தைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். முகட்டின் முதுகெல்லாம் புல். காற்றுக்கு ஒதுங்கிய மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. நீலகிரியிலும் கேரளத்தின் இரவிகுளத்திலும் இருக்கிற அதே அமைப்புதான். ஆனால் இங்கே வரையாட்டைத் தேட வேண்டாம். அது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழ்கிறது.

தூரத்தைக் கேட்டதும் 'தினமும் 5 கி.மீ. நடக்கிறேன், அதுபோல நாலு மடங்குதானே' என்று மனம் கணக்குப் போடும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-இல் சொன்ன விதி இன்றைக்கும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 21 கி.மீ.க்கு நாலேகால் மணி, 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. ஆக ஐந்தே முக்கால் மணி நேரம். இது எங்கும் உட்காராமல், நல்ல பாதையில், பழகிய கால்கள் நடக்கும் நேரம். சாப்பிட, படம் எடுக்க, ஓடை தாண்ட, மூச்சு வாங்க என்று சேர்த்தால் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் குழுவின் வேகம் என்பது குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான்.

டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் சூரியன் ஆறே முக்கால் வாக்கில் உதித்து, ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஏழு மணிக்கு முல்லோடியில் நடக்கத் தொடங்கினால் நான்கு மணி வாக்கில் திரும்பிவிடலாம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் கடைசி ஓடையை இருட்டில் தாண்டவேண்டி வரும். நான் எந்தக் குழுவோடு போனாலும் கிளம்பும் முன் ஒரு நேரத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவேன். உங்களுக்கு அது பகல் பன்னிரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, 'இன்னும் பத்தே நிமிஷம்' என்று எதிரே வருகிறவர் சொன்னாலும் சரி. உச்சியிலிருந்து இறங்குகிறவர் சொல்லும் பத்து நிமிடம், ஏறுகிறவருக்கு அரை மணி நேரம். இந்த முடிவைக் கீழே இருக்கும்போதே எடுங்கள். மேலே போனபின் களைப்பும் ஆசையும் சேர்ந்து பேசும். அப்போது எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மலையில் நான் பார்த்த சிக்கல்கள் பெரும்பாலும் பிற்பகலில் வந்தவை. கால் தளர்ந்து சறுக்குவது பிற்பகலில். தண்ணீர் தீர்வது பிற்பகலில். மேற்கே கடற்பக்கத்திலிருந்து மேகம் ஏறி முகட்டை மூடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். வெயில் சாய்ந்தபின் காட்டுமாடும் கடமானும் சோலையை விட்டு வெளியே மேய வரும். அவற்றைத் தொடர்ந்து வருபவையும் வரும். நீங்கள் தனித்தனியாகப் பயப்படுகிற எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றுகூடுவது மாலை நான்கு மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் நீங்கள் முகட்டில் இல்லாவிட்டாலே பாதுகாப்பில் பாதி வேலை முடிந்தது.

இப்போது முட்டி. ஏறும்போது வலிப்பது மூச்சு, இறங்கும்போது வலிப்பது முட்டி. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த வகை வேலைதான் தசைநாரை அதிகமாகச் சேதப்படுத்தும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கழிவறையில் உட்காரக்கூட முடியாமல் செய்வதும் இதுவே. சமதரை நடை இதற்குப் பயிற்சி ஆகாது. படிக்கட்டுதான் பயிற்சி. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது 'தொப்' என்று கால் போடாமல், இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். வாரம் மூன்று நாள், முதலில் வெறுங்கையோடு, நான்காம் வாரத்திலிருந்து முதுகில் நாலைந்து கிலோவோடு. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாள், பக்கத்தில் உள்ள எந்தக் குன்றிலாவது தொடைத்தசை நன்றாக வலிக்கும் அளவுக்கு இறங்குங்கள். ஒருமுறை அப்படி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமாகும். இது உடற்பயிற்சி ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். என் குழுக்களிலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆனால் பயணத்துக்கு முந்தைய வாரம் இதைச் செய்யாதீர்கள். வலியோடு போய் நிற்பீர்கள்.

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத பட்சத்தில் இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். முட்டிக்கு வரும் சுமையில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும். இறங்கும்போது கோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஷூவைப் பற்றி ஒன்று: புது ஷூவில் இந்த மலை ஏறாதீர்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்காலின் முன்பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கி நகம் ஷூவில் முட்டிக்கொண்டே வரும்; ஊர் திரும்பும்போது பெருவிரல் நகம் கறுத்திருக்கும். நகத்தைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முட்டிக்கு மாட்டும் உறையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்குத் தெம்பாக இருக்கிறது என்கிறார்கள். பலவீனமான தசைக்கு அது மாற்றாகாது.

விலங்குகளுக்கு வருவோம். இந்தக் காடு தேசியப் பூங்காவானதன் பின்னணியில் இருப்பது புலி இல்லை, சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு. 1983-84-இல் விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தில் இந்தக் குரங்கைக் கணக்கெடுத்தபோது, இங்கே அவை தொடர்ச்சியாக வாழ மழைக்காடு இருப்பதைக் கண்டு எழுதினார். அந்த ஆய்வை அடிப்படையாக வைத்தே 1987-இல் சுமார் 600 சதுர கி.மீ. பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குரங்கை நீங்கள் முகட்டில் பார்க்கப் போவதில்லை. அது மழைக்காட்டின் மரஉச்சியை விட்டு எளிதில் இறங்காது. புலியும் சிறுத்தையும் செந்நாயும் உண்டு. பகலில் சத்தத்தோடு நடக்கும் குழுவின் முன்னால் அவை வருவது மிக அரிது. நீங்கள் பார்க்கக் கூடியது எச்சம், கால்தடம், மரத்தில் நகக்கீறல். மகனுக்கு அதுவே பெரிய விருந்தாக இருக்கும். வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார்.

நான் உண்மையில் மரியாதை கொடுப்பது காட்டுமாட்டுக்கு. வளர்ந்த காளை ஒரு டன் வரை இருக்கும், தோள் உயரம் நம் ஆள் உயரத்தைத் தொடும். சாதுவானது, ஆனால் அது கோபம் காட்டினால் தப்பிக்க இடம் வேண்டும். புல்முகட்டில் மரம் கிடையாது. ஒருமுறை இதே மலைத்தொடரில் மேகத்துக்குள் நடந்துகொண்டிருந்தோம். முதலில் வந்தது சாணி வாசனை. அடுத்து, காற்றைச் சீறி வெளியே விடுகிற ஒரு சத்தம், மிகப் பக்கத்தில். எல்லோரையும் நிற்கச் சொன்னேன். மேகம் ஒரு கை அகலம் விலகியபோது பாதையின்மேலேயே ஒரு காளை பக்கவாட்டில் நின்றது; முட்டிக்குக் கீழே நான்கு காலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல, மேலே எண்ணெய் தடவிய கறுப்பு. முகத்தை எங்கள் பக்கம் திருப்பாமல் உடம்பின் முழு நீளத்தையும் உயரத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. அது மேயாமல் அப்படி நிற்பதே எச்சரிக்கை. முகத்தை அதன் பக்கமே வைத்து, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கினோம். இருபது நிமிடம் போலக் காத்திருந்தோம். அது சரிவில் இறங்கிச் சோலைக்குள் போனபின்தான் நடந்தோம்.

அதில் கற்க வேண்டியது முழுவதும் இருக்கிறது. குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கூட்டத்துக்கும் அது போகக்கூடிய சோலைக்கும் நடுவில் போகாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள். தனியாக நிற்கும் காளை கூட்டத்தைவிடக் கணிக்கக் கடினம். தலையை உயர்த்தி வெறித்தால், சீறினால், காலைத் தரையில் உதைத்தால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். படம் எடுக்க இரண்டு அடி முன்னே போவதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். கைதட்டி விரட்டுவது, கல் எறிவது இரண்டும் கூடாது.

கரடி விஷயம் வேறு. அதற்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை, மோப்பம்தான் பலம். கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது ஆள் திடீரென்று பக்கத்தில் வந்தால் மிரண்டு பாய்ந்துவிடும். அதனால் புதர் அடர்ந்த இடத்திலும் சோலைக்குள்ளும் இயல்பான குரலில் பேசிக்கொண்டே போங்கள். கத்த வேண்டாம், பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம். மனிதர் வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும். எந்த விலங்கைப் பார்த்தாலும் ஓடக் கூடாது என்பதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். யானை, பந்திப்பூர் முதுமலைபோல இங்கே எங்கும் நிறைந்த விலங்கு இல்லை. ஆனால் பூங்காவை ஒட்டிய மலைநாட்டுத் தாலுகாக்களில் நடமாட்டம் உண்டு, அது பருவத்துக்குப் பருவம் மாறும். இந்த ஒரு விஷயத்தில் என் அனுபவத்தை நம்பாதீர்கள். அன்று காலை சோதனைச் சாவடியில் இருக்கும் வனக்காவலர் சொல்வதே கடைசி வார்த்தை.

பாம்பு. ராஜநாகமும் குழிவிரியன்களும் இந்தக் காட்டில் உண்டு. இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம் மருத்துவமனைகளில் உள்ள கூட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் விஷத்துக்கானது. மேற்கு மலையின் குழிவிரியன்களுக்கும் ராஜநாகத்துக்கும் அது தயாரிக்கப்படவில்லை. கடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. உயிரைக் காக்கும் மற்ற சிகிச்சை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கடிபடாமல் இருப்பதற்கு இன்னும் அதிக கவனம் வேண்டும் என்பதே பொருள். கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள். பார்க்காமல் பாறையில் கை ஊன்றாதீர்கள், கொடியைப் பிடிக்காதீர்கள். உட்காரும் முன் கோலால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிவர வேண்டும். பையில் பூண்டு வைத்தால் பாம்பு வராது என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. டிசம்பரில் புல்வெளியில் அது அநேகமாக இருக்காது, சோலையின் ஈரத்தில் சில இருக்கலாம். கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் விடுங்கள். கடித்தால் உறிஞ்சும் முனையின் ஓரத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். தீயால் சுடுவது வேண்டாம்.

விலங்கைவிட நான் கவலைப்படுவது மேகத்தைப் பற்றி. மங்களூரைவிட உச்சியில் சுமார் 12 டிகிரி குளிர் கூடுதல். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு முகட்டுக் காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பற்கள் கிட்டிவிடும். ஆளுக்கு ஒரு காற்றுத் தடுப்பு உடையும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். மேகம் மூடியதும் பத்தடி தள்ளித் தெரியாது. அப்போது புல்லில் காட்டுமாடு நடந்து நடந்து போட்ட தடமும் மனிதர் பாதையும் ஒரே மாதிரி இருக்கும். அதே அகலம், அதே சிவந்த மண். மாட்டுத்தடம் மெல்லச் சரிவில் இறங்கிச் சோலைக்குள் போய் முடியும். சந்தேகம் வந்த கணமே நில்லுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு, வந்த வழியே திரும்புங்கள். அங்கே உட்கார்ந்து காத்திருங்கள். ஓடை வழியே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்ற பழைய யோசனை இந்த மலைக்கு ஆகாது. மேற்குப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. அந்த ஓடைகள் அருவியில்தான் முடியும்.

பருவத்தைச் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை படங்களில் பச்சையாக அழகாகத் தெரியும். ஆனால் இது ஆண்டுக்கு 7,000 மி.மீ. வாக்கில் மழை பெய்யும் பகுதி, ஓடைகள் ஒரு மணி நேரத்தில் தாண்ட முடியாதபடி ஏறிவிடும். பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்து காட்டுத்தீ அபாயம் வரும், வனத்துறை பாதையை மூடிவிடுவது வழக்கம். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் குடும்பத்துக்கு ஏற்றது. அந்த மாதங்களில் கூட்டமும் அதிகம். கர்நாடக வனத்துறையின் இணையப் பதிவில் அனுமதி வாங்கியே போக வேண்டும். நாளுக்கு 300 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள், விடுமுறை நாட்கள் முன்னதாகவே தீர்ந்துவிடும். கட்டணமும் விதியும் மாறுகிறவை, பதிவு செய்யும் அன்று படித்துக்கொள்ளுங்கள். உள்ளே கூடாரம் அடித்துத் தங்க முடியாது. உள்ளூர் வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டீர்கள். விதி என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேகத்தில் மாட்டுத்தடம் எது, மனிதத்தடம் எது என்று முல்லோடிக்காரருக்குத் தெரியும். தூக்கிவர ஆள் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரியும். பெரிய மருத்துவமனைக்கு மங்களூரோ சிக்கமகளூரோ போக வேண்டிய இடத்தில் இதன் மதிப்பு அதிகம்.

கட்டுப்பாடுகளைத் தொல்லையாக நினைக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இதே மலைத்தொடரில் 2005 கடைசி வரை இரும்புத்தாது வெட்டினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால்தான் அது நின்றது. புல்வெளியின் மண் மெல்லியது. பாதை சேறாக இருக்கிறதென்று பத்துப் பேர் ஓரமாக நடந்தால், அடுத்த மழையில் அந்த ஓரமும் வாய்க்காலாக அரித்துக்கொண்டு போகும். சேறானாலும் பாதையின் நடுவிலேயே நடங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்காக இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். மேலே மாடுகள் நிற்கின்றன. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காமல் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அது தவறு. சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சைச் சோறு, கூடவே கடலைமிட்டாய், பேரீச்சை. ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, பகல் நடைதான் என்றாலும்.

மகனைப் பற்றி உங்களுக்குப் பெரிதாகக் கவலை வேண்டாம். 15 வயதுக் கால்கள் உங்கள் கால்களைவிட நன்றாகத் தாங்கும். அவனிடம் உள்ள ஒரே ஆபத்து முன்னால் ஓடிவிடுவது. அவனிடம் கடிகாரத்தைக் கொடுத்து, பன்னிரண்டரை மணியைச் சொல்லும் பொறுப்பை ஒப்படையுங்கள். உங்கள் மனைவி பழக்கமாக நடப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு வாரப் படிக்கட்டுப் பயிற்சியை அவரும் சேர்ந்து செய்யட்டும். ஆறாவது வார முடிவில் மூன்று பேரும் ஏதாவது ஒரு குன்றில் ஐந்து மணி நேரம் ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் முட்டி வீங்கினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்; அல்லது ஒண்டிமரம் வரை மட்டும் போய்த் திரும்புங்கள்.

கடைசியாக, அநேகமாக யாரும் உங்களிடம் சொல்லாதது உண்ணி. உண்ணி கடித்துப் பரவும் கியாசனூர் காட்டு நோய் என்கிற குரங்குக் காய்ச்சல் முதலில் 1957-இல் பக்கத்து ஷிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. சிக்கமகளூர் மாவட்டத்தின் மலைநாட்டுப் பகுதியிலும் அண்மை ஆண்டுகளில் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். டிசம்பர் முதல் மே வரை, அதாவது நீங்கள் போகும் காலத்தில்தான், அதன் பருவம். பாதையில் மட்டும் நடந்துவிட்டுத் திரும்புகிற ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. காட்டோரத்தில் விறகும் சருகும் பொறுக்கி வாழ்கிறவர்களுக்கே அதிகம். இருந்தாலும் முழுக்கை, முழுக்கால் உடை, பூச்சிவிரட்டித் தைலம், சருகுமேல் உட்காராமை என்ற மூன்றும் சிரமமில்லாத காரியங்கள். செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் வனக்காவலரிடம் சொல்லுங்கள். அறைக்குத் திரும்பியதும் வெந்நீரில் குளித்து, அக்குள், இடுப்பு, முட்டியின் பின்பக்கம், காதின் பின்னால் என்று ஒருவரை ஒருவர் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றவோ சுடவோ வேண்டாம். நோய் கடிபட்ட மூன்று முதல் எட்டு நாளில் தலைகாட்டும். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது திடீரென்று கடும் காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் வந்தால், சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய், எந்தக் காட்டில் எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் ஊர் மருத்துவர் இந்த நோயை நினைத்துப் பார்க்க அந்தத் தகவல் இல்லாமல் வழியில்லை.